சைக்கிளை விட்டு இறங்க வேண்டாம்!

சுங்கைப்பட்டாணி வட்டாரத்திலே இப்போது ஒரு புதிய வண்டி கண்ணில் படத் தொடங்கியிருக்கிறது. பார்த்தால் சைக்கிள், மிதிக்கட்டையும் இருக்கிறது, செயினும் இருக்கிறது. ஆனால் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்காமல் போகிறது. மின் சைக்கிள் என்று எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் வாயில் அது ‘பேட்டரி சைக்கிள்’.

இந்த வண்டியைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. “சைக்கிளுன்னா மிதிக்கணும், இது சோம்பேறி வண்டி” என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். “லைசென்ஸ் வேணாம், ரோட் டேக்ஸ் வேணாம், ஏறி உக்காந்தா போய்க்கிட்டே இருக்கலாம்” என்று விற்பவர்கள் ஆசை காட்டுகிறார்கள். இரண்டு பேச்சிலும் குறை உண்டு. பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும், பீடோங், கோலக்கெட்டில், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களும் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இன்று இதை எழுதுகிறோம்.

சைக்கிள் நமக்கு விளையாட்டுப் பொருளாக வந்ததல்ல. பால்மரம் வெட்டிய காலத்தில், பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து நிரைக்குப் போய், பிறகு பால் வாளியை ஸ்டோருக்குக் கொண்டு சேர்ப்பதென்றால் கால்தான் துணை; தோளில் காண்டாக் கம்புதான் துணை. ஒரு சைக்கிளை வாங்கிய தொழிலாளிக்குத் தோள் வலி பாதி குறைந்தது. மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனதும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டதும் அதே சைக்கிள்தான். சம்பள நாளில் அரிசி மூட்டை வந்ததும் அதன் பின்னால்தான். ‘ராலே’ சைக்கிள் வைத்திருப்பவருக்கு லயத்தில் தனி மதிப்பு இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சைக்கிளை ஓட்டுவதற்குக்கூட நாம் போராட வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிவார்களா? வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். துரை மட்டுமல்ல; கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தை உயர்த்து, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு, மருத்துவ வசதி கொடு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு என்பவற்றோடு, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதும் ஒன்று. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள்.

சம்பளத்துக்குச் சமமாக ஒரு சைக்கிள் விஷயத்தை ஏன் வைத்தார்கள்? தன் காசில் வாங்கிய வண்டியில், தன் பாட்டுக்குப் போகும் மனிதனை இறக்கி நிறுத்துவது அவனுடைய மானத்தை இறக்குவதாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு மோட்டார் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் தாமானுக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். மோட்டார் வாங்க முடியாதவன்தான் சைக்கிளில் போவான் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. “என்னண்ணே, இன்னுமா சைக்கிளு?” என்று கேட்கிறார்கள். அதே நேரத்தில் நாட்டில் சைக்கிளுக்கு வேறு விதமான பெருமை வளர்ந்தது. நம் கெடா மாநிலத்து லங்காவியின் பெயரில் 1996-ல் தொடங்கிய சைக்கிள் பந்தயத்துக்கு உலக வீரர்கள் வருகிறார்கள். அசிசுல்ஹஸ்னி அவாங் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வென்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பல ஆயிரம் வெள்ளி விலையுள்ள சைக்கிள்களில் பட்டணத்துக்காரர்கள் நம் தோட்டத்துச் சாலைகளிலேயே உடற்பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்கள் போனால் நாகரிகம், நம் அக்கா அதே சாலையில் வேலைக்குப் போனால் ஏழ்மையா? இந்தத் தாழ்வு மனப்பான்மையை முதலில் விட வேண்டும்.

சரி, மின் சைக்கிள் என்பது என்ன? ஜப்பானில் யமஹா நிறுவனம் 1993-ல் இந்த வகை வண்டியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் மிதிக்கும்போது, மிதியை உணர்ந்து ஒரு சிறு மோட்டார் கூடவே தள்ளுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பின்னாலிருந்து ஒருவர் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத்தான். ஐரோப்பாவில் மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கு மேற்படாமலும், மணிக்கு 25 கிலோமீட்டர் வந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும்படியும் இருந்தால்தான் அதைச் சைக்கிள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் 2023-ல் சாதாரண சைக்கிளைவிட மின் சைக்கிள்தான் அதிகம் விற்றது. சைக்கிளிலேயே ஊறிய நாட்டார் அதை ஏற்றுக்கொண்டிருக்க, நாம் மட்டும் சோம்பேறி வண்டி என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தாய்க்குச் சோம்பேறி என்று பெயர் சூட்ட யாருக்கு மனம் வரும்?

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். ஓரளவு நல்ல மின் சைக்கிளின் பேட்டரியை ஒரு முறை நிரப்ப அரை யூனிட் மின்சாரம் போதும். ஐம்பது காசுகூட ஆகாது. அதில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போகலாம். பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் போய்த் திரும்புவதற்கு அது தாராளம்.

ஆனால், “பெட்ரோல் காசு மிச்சம்” என்ற ஒரே எண்ணத்தில் வாங்கினால் ஏமாந்து போவோம். சின்ன மோட்டார் ஒரு லிட்டரில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 2025 செப்டம்பர் 30-ல் புடி 95 திட்டம் எல்லாருக்கும் தொடங்கியபோது ஒரு லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில், தினம் இருபது கிலோமீட்டர் ஓடுபவருக்கு மாதம் இருபது வெள்ளி போல மிஞ்சலாம். சில ஆண்டுகள் கழித்துப் பேட்டரி மாற்றும்போது அந்த மிச்சமும் போய்விடும். ஆகவே, நல்ல மோட்டாரும் லைசென்சும் வைத்திருப்பவர் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

அப்படியானால் இந்த வண்டி யாருக்கு? மோட்டார் ஓட்டத் தெரியாமல், வேலைக்குப் போக மகனுக்காகவோ பக்கத்து வீட்டுக்காரருக்காகவோ காத்து நிற்கும் பெண்களுக்கு. முழங்கால் வலியால் சைக்கிளை மூலையில் சாய்த்துவிட்ட ஐயாக்களுக்கு. பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் இருந்துகொண்டு, கிளினிக் போகவும் மார்க்கெட் போகவும் அடுத்தவர் வண்டிக்குக் காசு கொடுப்பவர்களுக்கு. சிவப்பு ஐ.சி.யோடு வாழும் நம்மவர்களையும் மறக்கக் கூடாது. புடி 95 விலை, குடியுரிமையும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று வைத்திருப்பதால், அவர்கள் மோட்டார் ஓட்டினாலும் பெட்ரோலுக்குக் கூடுதல் விலைதான் கொடுக்க வேண்டும். இவர்களுக்கெல்லாம் மின் சைக்கிளின் லாபம் காசில் மட்டும் இல்லை. யாரையும் கெஞ்சாமல், நினைத்த நேரத்தில் புறப்படலாம் என்பதே பெரிய லாபம்.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் கூச்சத்தை விட்டு ஏறினார்கள். ஊரார் கேலி செய்தார்கள். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் ஆயிரம் ஆயிரமாய்ப் பெண்கள் சைக்கிளில் போனார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, கணவன் வரும்வரை காத்திராமல் காரியத்தை முடித்தார்கள். நம் தோட்டத்துப் பெண்கள் அவர்களுக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்?

இனி எச்சரிக்கை. முதலாவது சட்டம். கடைக்காரர் சைக்கிள் என்று சொல்வதால் மட்டும் ஒரு வண்டி சைக்கிள் ஆகிவிடாது. கைப்பிடியை முறுக்கினால் மிதிக்காமலே பறக்கிற வண்டிக்கு, பெயருக்கு இரண்டு மிதிக்கட்டை வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் அரசிதழில் வந்த விதிகள், மின் ஸ்கூட்டர் முதலான பல சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை செய்திருக்கின்றன. “ஜே.பி.ஜே. அங்கீகாரம் எங்கே, சிரிம் சான்று எங்கே?” என்று கேளுங்கள். தாளில் காட்டட்டும். காட்ட முடியாமல் சமாளித்தால் நடையைக் கட்டுங்கள். ஜே.பி.ஜே. கவுண்டரில் விசாரித்துவிட்டுக் காசைக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது நெருப்பு. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டு மட்டும் இத்தகைய லித்தியம் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் ஏற்பட்டு 18 பேர் மாண்டார்கள். கல் கட்டடங்கள் நிறைந்த நகரத்திலேயே அந்தக் கதி. பழைய வயரிங் ஓடும் பலகை லயத்தில் ஒரு வீடு பற்றினால் வரிசையே போகும். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்தில், வாசலை அடைத்தாற்போல் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். வீங்கிய பேட்டரியையோ வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியையோ தொடவே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பேட்டரி வாங்குவது வீட்டுக்கு நாமே கொள்ளி வைப்பது.

மூன்றாவது பிள்ளைகள். 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் நள்ளிரவுக்குப் பின் ‘லாஜாக்’ சைக்கிள் ஓட்டிய எட்டு இளம் பிள்ளைகள் கார் மோதி இறந்ததை நாடே கண்டு கலங்கியது. நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். லைசென்ஸ் இல்லாத பையன் கையில் மோட்டார் சாவியைக் கொடுப்பதும், பிரேக் சரியில்லாத மின் சைக்கிளைக் கொடுத்துப் பெரிய சாலைக்கு அனுப்புவதும் ஒன்றுதான். ஹெல்மெட்டும் முன் விளக்கும் பின் விளக்கும் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

நான்காவது கடன். 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒழுங்கான மின் சைக்கிள் அந்த ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும். அதற்கு மேலும் கேட்கும். இதற்காக ஆலோங்கிடம் போய் நிற்காதீர்கள். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கியவர்கள் நாம். 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது அப்படித்தான். ஒரு தோட்டத்தில், ஒரு தாமானில், பத்துக் குடும்பம் சேர்ந்து மாதா மாதம் பணம் போட்டால் வட்டியில்லாமல் ஆளுக்கொரு வண்டி வாங்கலாம். மொத்தமாக வாங்கினால் விலையும் பேசலாம்.

தொழிலாளிக்குச் சொன்னோம்; முதலாளிக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டாமா? தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சாலைகளும் மழை படாத, பூட்டக்கூடிய சைக்கிள் கொட்டகை ஒன்றைக் கட்டித் தரட்டும். வீட்டுக்கு வெளியே, பாதுகாப்பான வயரிங்கோடு பேட்டரி நிரப்பும் இடம் அமைக்கட்டும். பாக்கார் ஆராங் போகும் சாலைகளில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள்காரன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதபடி, ஓரத்தில் ஒரு பாதையும் தெருவிளக்கும் போட நகராண்மைக் கழகம் முன்வரட்டும். தோட்டத் தொழிற்சங்கம் இதை அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைமீது வைக்கட்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேர் வழியில் போய்வரும்போது நேரும் விபத்தை, வேலை விபத்தாகவே 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. சொந்தக் காரியமாய் வழி மாறிப் போனால் அந்த உரிமை போய்விடலாம். விபத்து நேர்ந்தால் போலீஸ் புகாரும் மருத்துவச் சீட்டும் எடுத்து, முதலாளிக்குச் சொல்லி, பெர்கேசோவில் மனுக் கொடுங்கள். “சைக்கிளில்தானே விழுந்தோம்” என்று எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள்.

துரைக்கும் கிராணிக்கும் முன்னால் இறங்க மாட்டோம் என்றார்கள் நம் முன்னோர். இன்று நம்மை இறக்கி நிறுத்தப் பார்ப்பவை வேறு: கடன், ஏமாற்று வியாபாரம், சைக்கிள் என்றால் கேவலம் என்ற எண்ணம். விசாரித்து வாங்குவோம், விளக்கைப் போட்டு ஓட்டுவோம், வசதிகளைக் கேட்டுப் பெறுவோம். மிதித்துப் போனாலும் சரி, பேட்டரி தள்ளிப் போனாலும் சரி, நிமிர்ந்து உட்கார்ந்தே போவோம்.