சைக்கிளின் முன்சொக்: வாங்க முன்னும் வாங்கிய பின்னும்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் பாடசாலை இடைவிலகல் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு என்னுடன் கதைத்த தாய்மாரில் பலர் இடைவிலகலைப் பற்றிக் கேட்கவில்லை. சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார்கள். "பிள்ளை சொக் வைத்த சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், வாங்கலாமா?" என்றார் ஒருவர். ஏற்கனவே வாங்கிக் கொடுத்த இன்னொருவர், "வருடம் ஒன்று ஆகேல்லை, முன்பக்கம் கடகடவென்று ஆடுது. கடையில் முழுப் போர்க்கையும் மாற்ற வேணும் என்கினம், உண்மையோ?" என்றார். சீட்டுப் பிடித்தும் கோழி வளர்த்தும் சேர்த்த காசில் வாங்கிய சைக்கிள் அது. அது நின்றால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நிற்கும். ஆகவே இம்முறை இதைப் பற்றியே கதைப்போம்.

வன்னியில் எந்தக் காலத்திலும் குடும்பத்தைச் சுமந்தது சைக்கிள்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோதும், 2009 இன் பின்னர் முகாம்களிலிருந்து வெறும் காணிகளுக்குத் திரும்பி வந்தபோதும், 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் அதுதான் ஓடியது. அரச படிவத்தில் அதற்குத் துவிச்சக்கர வண்டி என்று பெயர், சில காலம் ஈருருளி என்றோம், வீட்டில் எப்போதும் சைக்கிள். எங்கள் பெண்கள் கெரியரில் நெல் மூட்டையும் பாரில் பிள்ளையும் வைத்து ஓடியவர்கள். ஆனால் ஸ்பனர் மட்டும் ஆண்களின் கையிலேயே இருந்துவிட்டது. வீட்டில் ஆண் துணை இல்லாமற்போன பிறகும் அது எங்கள் கைக்கு வரவில்லை. சமூகவியல் படித்தவள் என்பதால் இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் சொல்லத் தெரியும். ஆனால் விளக்கம் சொல்லி ஆட்டம் நிற்காது. ஆணியை இறுக்கினால்தான் நிற்கும்.

முதலில், சொக் என்பது என்ன? சாதாரண சைக்கிளில் முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை போன்ற இரும்புதான் போர்க். மலைப்பாதைச் சைக்கிள், அதாவது மவுண்டன் பைக் என்று விற்கப்படுவதில் அந்தக் கவையின் ஒவ்வொரு காலும் இரண்டு குழாயாக இருக்கும். மேலே பளபளப்பான உட்குழாய், கீழே அதை மூடிய வெளிக்குழாய். உள்ளே சுருள்வில். குழியில் சில்லு விழும்போது வெளிக்குழாய் மேலே ஏறும், வில் அமுங்கும், அடி உங்கள் கைக்கு வராது. இரண்டு குழாயும் சேரும் இடத்தில் தூசி போகாமல் ஒரு றப்பர் விளிம்பு இருக்கும். எங்கள் கிரவல் வீதிகளில் இந்தச் சொக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த றப்பர்தான்.

விலை உயர்ந்த சொக்குகளில் வில் திரும்பி எழும் வேகத்தை அடக்க எண்ணெயும் இருக்கும், சிலவற்றில் வில்லுக்குப் பதிலாகக் காற்று. எங்கள் கடைகளில் தொங்கும் மலிவான சைக்கிள்களில் பெரும்பாலும் வில் மட்டுமே. ஆகவே பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 இல், அமெரிக்காவின் சிக்காகோவில் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்புத் தொடங்கியது. வேர்ல்ட் விஷனுடன் சேர்ந்து இலங்கையில் 24,000 இற்கு மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஃப்.கே. டே, ஸ்ராம் என்ற சைக்கிள் உதிரிப்பாகக் கம்பனியை உருவாக்கியவர்களில் ஒருவர். மலைச் சைக்கிள் சொக்குக்கு உலகெங்கும் பெயர்பெற்ற ரொக்ஷொக்ஸ் 2002 இலிருந்து அந்தக் கம்பனிக்குத்தான் சொந்தம். அப்படியிருந்தும், பின்னர் ஆபிரிக்கக் கிராமங்களுக்கென்று அந்த அமைப்பு வடிவமைத்த பஃபலோ சைக்கிளில் சொக் இல்லை! கெரியரில் 100 கிலோ ஏற்றக்கூடிய அந்தச் சைக்கிளுக்கு வைத்தது சாதாரண இரும்புப் போர்க். பாரம் ஏற்றும் சைக்கிளில் அசையும் பாகம் குறைந்தால் பழுதும் குறையும் என்பது சொக் செய்கிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. தண்ணீர், விறகு, மரக்கறி ஏற்றி இறக்க ஒரு சைக்கிள் தேவையென்றால் சொக் இல்லாததை வாங்குங்கள். பிள்ளை புத்தகப் பையுடன் மட்டும் குண்டும் குழியுமான பாதையில் தூரம் போகிறாள் என்றால் சொக் வைத்தது வாங்கலாம், பராமரிப்பதாக இருந்தால். கையிலோ தோளிலோ ஷெல் காயம் பட்டவர்களுக்கும் முன்சொக் ஓரளவு ஆறுதல் தரும். ஆனால் இடுப்பிலும் முதுகிலும் காயப்பட்டவர்கள் ஏமாற வேண்டாம். முன்சொக் கையைத்தான் காக்கும், இருக்கையைக் காக்காது. அவர்களுக்கு வில் வைத்த அகலமான சீற்றும், மொத்த ரயரும், அந்த ரயரில் கல்லுப்போல் இறுக்காமல் அளவான காற்றும்தான் உதவும். இதற்குச் செலவும் குறைவு.

புதுச் சைக்கிளைக் கடையில் பூட்டித் தரும்போதே ஒன்றைப் பாருங்கள். போர்க் பின்முன்னாகப் பூட்டப்பட்டிருக்கிறதா? மலிவுச் சைக்கிள்களில் இந்தத் தவறு நடக்கிறது. முன்பிறேக் கட்டைகளின் கைகள் முன்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். அவை உங்கள் முழங்கால் பக்கம் பார்த்தால் போர்க் திரும்பியிருக்கிறது. அப்படி ஓடினால் ஹாண்டில் நிலையாக நிற்காது, திரும்பும்போது பெருவிரல் சில்லில் முட்டும். திருப்பிப் பூட்டித் தந்தால்தான் காசு என்று சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அடுத்தது, ஆளின் பாரத்துக்கேற்பச் சரிசெய்வது. போர்க்கின் தோளில், உட்குழாய்களின் உச்சியில் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் திருகுகள் இருக்கலாம். எல்லாச் சைக்கிளிலும் இராது. இருந்தால், ஒரு தையல் நூலை எடுத்து உட்குழாயைச் சுற்றி, றப்பர் விளிம்போடு ஒட்டினாற்போல் கட்டுங்கள். குழாயை மூடி மடிப்பு மடிப்பான றப்பர் உறை இருந்தால் அதைக் கழற்றி மேலே தள்ளிவிட்டுக் கட்டுங்கள். சைக்கிளைச் சுவரோடு சாத்திப் பிடிக்க, பிள்ளை குலுக்காமல் ஏறி ஹாண்டிலைப் பிடித்து இருக்கட்டும். பிறகு மெதுவாக இறங்கட்டும். நூல் மேலே நகர்ந்திருக்கும். றப்பருக்கும் நூலுக்கும் இடையில் உள்ள தூரமே பிள்ளையின் பாரத்துக்குச் சொக் இறங்கிய அளவு. இந்த வகைச் சொக்குகள் பல 5 அல்லது 6 சென்ரிமீற்றர்தான் அமுங்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு சென்ரிமீற்றரளவு இறங்கினால் சரி. அதைவிட நிறைய இறங்கினால் திருகுகளைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள். இறங்கவேயில்லை என்றால் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் எண்ணிச் சமமாகத் திருப்ப வேண்டும். முழுக்க இளக்கிய பிறகும் நூல் அசையவில்லையென்றால், அந்த வில் வளர்ந்த ஆளின் பாரத்துக்குச் செய்யப்பட்டது. பிள்ளை வீண் பாரத்தைத்தான் உழக்குகிறாள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கிய சைக்கிள்களில் இதைக் கண்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைக்குச் சொக் தேவையில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

பராமரிப்பு பெரிய வேலையல்ல. மழையில் சேற்றில் ஓடி வந்தால், உட்குழாய் இரண்டையும் காய்ந்த சீலைத்துண்டால் துடைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. துடைக்காவிட்டால் கிரவல் மண் றப்பர் விளிம்பில் ஒட்டி, ஒவ்வொரு குழியிலும் அரத்தாள் போலக் குழாயை உராய்கிறது. உராய்ந்த இடத்தில் கறள் பிடிக்கும், கறள் றப்பரைக் கிழிக்கும், கிழிந்த வழியால் தண்ணீர் வில்லுக்குப் போகும். மாதம் ஒருமுறை ஹாண்டிலைப் பிடித்துப் பத்துத் தரம் அமுக்கி எழுப்புங்கள். குழாயில் கறுப்பு வளையமாக ஊத்தை ஏறி நிற்கும். அதைத் துடைத்தெடுங்கள். மண்ணெண்ணெய் பூச வேண்டாம், றப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழைய எஞ்சின் ஒயிலும் வேண்டாம், தூசியைக் கூட்டிவந்து சேர்க்கும். மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் கொடுத்து அழுத்தமான தண்ணீரை அந்த விளிம்பில் அடிக்க விடாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மாரி ஓய்ந்து தைப்பொங்கல் கழிந்த பிறகு, கடையில் கொடுத்து மேல்திருகைக் கழற்றி வில்லை வெளியே எடுத்துத் துடைத்து, கிறீஸ் பூசிப் பூட்டச் சொல்லுங்கள். றப்பரைக் கெடுக்காத சிலிக்கன் கிறீஸ் கிடைத்தால் நல்லது. பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருமுறை பார்த்தவர் அடுத்த வருடம் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

இனி அந்தக் கடகட ஆட்டம். அது மூன்று இடத்தில் வரலாம். முன்பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். மற்றக் கையின் விரலை ஹாண்டிலின் கீழே, போர்க் உடலுடன் சேரும் கழுத்தில் வையுங்கள். விரலில் தட்டினால் கழுத்துக் கப் இளகியிருக்கிறது. அதை இறுக்கினால் போதும், சின்னச் செலவு. அங்கே ஒன்றும் இல்லையென்றால் விரலை உட்குழாயும் வெளிக்குழாயும் சேரும் இடத்தில் வையுங்கள். அங்கே பெரிய ஆட்டம் தெரிந்தால் உள்ளே உள்ள வளையம் தேய்ந்துவிட்டது. மலிவுச் சொக்குக்கு அந்த வளையம் தனியாகக் கிடைப்பது அரிது, அப்போதுதான் போர்க்கை மாற்ற வேண்டிவரும். மூன்றாவது, சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆடினால் பழுது சில்லின் அச்சில், கோனை இறுக்க வேண்டும். கேள்வி கேட்ட அந்த அக்காவின் சைக்கிளைப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். கழுத்துக் கப்தான். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. சோதித்துப் பார்க்காமல் சொல்லியிருக்கலாம். நாங்கள் எந்த இடம் என்று சொல்லிக்கொண்டு போனால் அவரும் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்.

உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஹாண்டிலைப் பிடித்து முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கும்போது வெளிக்குழாய் நழுவிக் கீழே இறங்கிக்கொண்டே போனால், அதைப் பிடித்திருக்கும் ஆணி கழன்றுவிட்டது அல்லது முறிந்துவிட்டது. குழாய்கள் சேரும் தோளிலோ பிறேக் பூட்டும் இடத்திலோ மயிரிழையளவு வெடிப்புத் தெரிந்தாலும் அப்படித்தான். வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்பார்கள். சம்மதிக்க வேண்டாம். பின்சில்லுப் பழுதானால் சைக்கிள் நிற்கும், முன்போர்க் முறிந்தால் முகம்தான் வீதியில் அடிபடும்.

ஹாண்டிலில் தண்ணீர்க் கான் தொங்கவிடும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 20 லீற்றர்க் கான் ஒன்று 20 கிலோ. இரண்டு பக்கமும் 40. சொக் அடியோடு அமுங்கி நிற்கும், அதற்கு மேல் குழியில் விழுந்தால் வில் இருந்தும் பயனில்லை. பிறேக் பிடித்தால் சைக்கிள் முன்னால் தலைகுத்தும். கானைப் பின்கெரியரில் கட்டுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், புதிதாக இன்னொரு மலிவுச் சொக் போடுவதைவிடச் சாதாரண இரும்புப் போர்க் போடுவது பல வீடுகளுக்கு நல்லது. ஒன்றைக் கவனியுங்கள். சொக் போர்க் உயரம் கூடியது. கட்டையான போர்க்கைப் போட்டால் சைக்கிளின் முன்பக்கம் பதிந்து, ஹாண்டில் சட்டென்று திரும்பும். உள்ளே போகும் தண்டின் மொத்தமும் நீளமும் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. ஆகவே அளவை வாயால் சொல்லி வாங்க முடியாது. கழற்றிய பழைய போர்க்கை ஒரு உரப்பையில் சுற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.