83 மடங்கு தூரம்

இரண்டு வருடப் பெருநாள் காசு, அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு, மிச்சத்தைத் தான் போடுவதாக வாப்பா கொடுத்த வாக்கு. இவ்வளவும் சேர்ந்தால் ஒரு கெமரா வாங்கலாம். ஒன்றுதான் வாங்கலாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கெமரா எதற்கு என்ற கேள்வியை ஒரு மாதிரியாக வென்றுவிட்டேன்; அந்தக் கதை இங்கே வேண்டாம். வென்ற பிறகு வந்த கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பாவித்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை வாங்குவதா, அல்லது நீண்ட ஸூம் உள்ள பிரிட்ஜ் கெமரா ஒன்றை வாங்குவதா?

புதிதாக வாங்கும் பேச்சே இல்லை. 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதற்குப் பிறகு கண்டியில் கெமராக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. பாவித்த பொருளில் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்ததால், விலையைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

வீட்டில் எல்லோரும் ஸூம் கட்சி. கட்டாரிலிருந்து வந்த சாச்சாவிடம் நிக்கோன் பி900 இருக்கிறது. 2015இல் வந்த கெமரா. 83 மடங்கு ஸூம். "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் சாச்சா. உம்மாவுக்கும் அது பிடித்துப்போனது. ஆனால் உம்மாவின் காரணம் வேறு. "ஊட்ல இருந்தே எல்லாத்தையும் எடுக்கேலும் தானே" என்றார். எங்கள் ஊட்டு உம்மா மட்டுமல்ல, இதை வாசிக்கும் பல உம்மாமார் இதையே சொல்லியிருப்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டியது அந்த வசனத்துக்குத்தான்.

முதலில் கெமராக்களைப் பற்றிக் கொஞ்சம். டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டலாம். உள்ளே ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். படம் எடுக்கும் கணத்தில் அந்தக் கண்ணாடி மேலே எழும்பும். 'க்ளக்' என்ற சத்தத்தில் பாதி அதனுடையது. பிரிட்ஜ் கெமரா வெளித்தோற்றத்தில் அதே மாதிரித்தான் இருக்கும். ஆனால் லென்ஸ் கழராது, கண்ணாடியும் கிடையாது. ஒரே லென்ஸ் அகன்ற காட்சியிலிருந்து மிக நீண்ட காட்சி வரை போகும். பழைய 35 மில்லிமீற்றர் ஃபிலிம் அளவில் சொன்னால் பி900 24இல் தொடங்கி 2000 மில்லிமீற்றர் வரை போகிறது. கெனன் 2000டி போன்ற ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆருடன் வரும் 18-55 லென்ஸ் அதே கணக்கில் சுமார் 88 மில்லிமீற்றரோடு நின்றுவிடும்.

இப்படி ஒரு வித்தியாசம் எப்படிச் சாத்தியம்? பிரிட்ஜ் கெமராவின் சென்ஸர் மிகச் சிறியது. பி900இன் சென்ஸர் சுமார் 28 சதுர மில்லிமீற்றர். 2000டியினுடையது சுமார் 332. கிட்டத்தட்ட 12 மடங்கு. சென்ஸர் சின்னதானால் லென்ஸும் சின்னதாகச் செய்யலாம், தூரமும் போகலாம். அந்தத் தூரத்துக்கு வெளிச்சத்தால் விலை கொடுக்க வேண்டும். கடைக்காரர் பெட்டியில் தட்டிக்காட்டுவது 83 என்ற எண்ணை மட்டுமே. 28ஐயும் 332ஐயும் அவர் சொல்லவில்லை, நானும் அன்று கேட்கத் தெரியாமல் நின்றேன். பாரமும் நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. பி900 சுமார் 900 கிராம். 2000டியும் அதன் லென்ஸும் சேர்ந்து 700 கிராம் வராது.

விடுமுறையில் சாச்சா பி900ஐ ஒரு கிழமைக்கு என்னிடம் தந்தார். அந்தக் கெமராவுக்கு நன்றி கெட்டவளாக இருக்க மாட்டேன். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில் ஒரு சரிவில் இருக்கிறது. கீழ்வளவில் ஒரு பலா மரம். தினமும் காலையில் அதில் 'குக்குறு குக்குறு' என்று கத்தும் பறவையை நான் 17 வருடமாகக் கேட்டிருக்கிறேன். சரியாகப் பார்த்ததே இல்லை. சிங்களத்தில் கொட்டோருவா என்பார்கள், தமிழில் குக்குறுவான். ஸூமை நீட்டியபோது அதன் கண்ணைச் சுற்றிய மஞ்சள் தோலும் அலகடியில் நின்ற மயிர்களும் தெரிந்தன. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரவில் மொட்டைமாடியிலிருந்து நிலவை எடுத்தோம். குழிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெருநாள் தலைப்பிறையையும் இப்படி எடுக்கலாம் என்று தம்பி துள்ளினான். எங்கள் மேற்குப் பக்கம் முழுதும் மலை. தலைப்பிறை அடிவானத்துக்கு வரமுன் மலை அதை விழுங்கிவிடும். எந்த ஸூமும் மலையைத் துளைக்காது என்று சொன்னதும் முகம் சுண்டிப்போனது.

அடுத்த நாள் வாப்பாவுடன் உடவத்தகெலேக்குப் போனேன். தலதா மாளிகைக்குப் பின்னால் சுமார் 104 ஹெக்டெயரில் நிற்கிற காடு. 1856இல் ஒதுக்குக்காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. நகரத்தின் நடுவில் இப்படி ஒரு காடு இருப்பது நமக்குப் பழகிப்போனதால் அதிசயமாகத் தெரிவதில்லை. பின்னேரம் நான்கு மணி. வெளியே நல்ல வெயில், உள்ளே மரக்கூரைக்குக் கீழே கிட்டத்தட்ட மஃரிப் நேரத்து இருட்டு. ஒரு மரங்கொத்தி வந்தது. முழு ஸூமில் பி900இன் துளை எஃப் 6.5ஐ விடத் திறக்காது. எனவே கெமரா ஷட்டரை மெதுவாக்கியது, ஐ.எஸ்.ஓவை ஏற்றியது. மரங்கொத்தியோ தலையை ஆட்டுவதையே தொழிலாகக் கொண்டது. எனக்குக் கிடைத்தது புள்ளி புள்ளியாக ஒரு சிவப்புக் கோடு. பறவைக்காகவே செய்த கெமரா பறவைகளின் காட்டில் தோற்றுப்போனது. நியாயமாகச் சொன்னால், 18-55 லென்ஸும் அங்கே எனக்கு உதவியிராது. பறவை ஒரு பொட்டாக விழுந்திருக்கும். காட்டுப் பறவைக்கு வேறு பெரிய லென்ஸ் வேண்டும், அது நம் கைக்கு எட்டாத பணம்.

என் முடிவை மாற்றியது காடு அல்ல. அது வீட்டுக்குள் நடந்தது.

வியாழன் காலை மொட்டைமாடியில் நின்றேன். கீழே பின்முற்றத்தில் உம்மும்மா தலை முழுகிவிட்டு வெயிலில் முடி காயவைத்துக்கொண்டிருந்தார். முக்காடு இல்லை. வெள்ளை முடி தோளெல்லாம் விரிந்து கிடந்தது, விரல்களால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் என் உம்மும்மாவை அப்படி ஆறுதலாகப் பார்த்ததே இல்லை. ஸூமை நீட்டி எடுத்தேன். என் வாழ்க்கையில் எடுத்த மிக நல்ல படம் அது. ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஈக்கு மகள். ஆனா நான் ஒனக்கு இதத் தரல்லியே" என்றார்.

கோபம் இல்லை. ஏசவும் இல்லை. நான் அவர் முன்னாலேயே அழித்தேன்.

கேட்காமல் எடுத்தது நீ, கெமராவைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று வாசகி ஒருத்தி கேட்கலாம். சரிதான். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒருவரின் தலையும் தோளும் சட்டம் நிறைய விழ வேண்டுமானால், 18-55 லென்ஸோடு நான் அவருக்கு முன்னால் சுமார் ஒன்றரை மீற்றரில் நிற்க வேண்டும். பி900இன் முழு ஸூமில் 30 மீற்றருக்கு அப்பால் நிற்கலாம். ஒன்றரை மீற்றரில் நிற்கிறவள் ஸலாம் சொல்லாமல் இருக்க முடியாது. எடுக்கலாமா என்று கேட்காமலும் இருக்க முடியாது. வேண்டாம் என்றால் கையைக் கீழே போட வேண்டும். 30 மீற்றரில் இது எதுவும் தேவைப்படாது. நம் வீடுகளில் எத்தனை பெண்கள் படம் எடுப்பதை விரும்பாதவர்கள்! கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தியின் ஃபோனில் தன் முகம் போய்விட்டது என்று அழுத அக்காமாரை நமக்குத் தெரியும். அந்த அழுகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு மடங்குக் கணக்கை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கிழமை அயல்வீட்டு ராத்தாவிடம் 2000டியை இரவல் வாங்கினேன். ராத்தா கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுப்பவர். அக்குறணை, மடவளை, கம்பளை என்று ஞாயிறு தோறும் ஓடுகிறார். பெண்கள் பக்கத்துக்குப் பெண்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் நிறைய. எடுக்கத் தெரிந்த பெண்கள் குறைவு. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் பிரிட்ஜ் கெமராவை வைத்து அந்த வேலையைச் செய்ய ஏலாது என்றார். அவரிடம் ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கிறது, துளை எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் 6.5 துளையோடு ஒப்பிட்டால் சென்ஸரில் ஒவ்வொரு புள்ளிக்கும் 13 மடங்கு வெளிச்சம். கெனன் லென்ஸ்களில் மலிவானவற்றுள் அதுவும் ஒன்று. கெமராவை இன்று வாங்கி, லென்ஸை இரண்டு வருடம் கழித்து வாங்கலாம். பிரிட்ஜ் கெமராவுக்கு அப்படி ஒரு நாளை இல்லை. வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசி வரை.

அந்தக் கெமராவோடு குசினிக்குள் போய் உம்மும்மாவிடம் கேட்டேன். முகம் வேண்டாம், கையை எடு என்றார். வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்த கை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. எடுத்து எடுத்துக் காட்டினேன். இரண்டைத் தள்ளினார், ஒன்றை வைத்துக்கொள் என்றார். முடி காயவைத்த படத்தின் அழகு இதற்கு இல்லை. இதை நான் யாருக்கும் காட்டலாம்.

நம் மலைநாட்டில் அடக்கப்பட்டிருக்கும் ஒரு புகைப்படக்காரியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் கெமரோன். கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண். 1863இல் மகளும் மருமகனும் கெமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. மரப்பெட்டிக் கெமரா, கண்ணாடித் தகடு; அமர்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவர் மிக நெருங்கிப் போய் முகங்களை எடுத்தார். படம் தெளிவில்லை என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் குறை சொன்னார்கள், இன்று உலக அருங்காட்சியகங்களில் அவை தொங்குகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். இங்கேயும் மக்களை எடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குக் கீழே அவர்களின் பெயர் இருக்கிறது. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. கிட்டப் போனவரும் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார். ஒன்றரை மீற்றர் கணக்கில் நான் நம்பிக்கை வைக்கும்போதெல்லாம் அந்தத் தலைப்பும் கூடவே நினைவுக்கு வருகிறது.

எனவே நான் டி.எஸ்.எல்.ஆர். பக்கம். பறவைதான் உயிர் என்கிற தோழிக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவள் தாராளமாக பி900 வாங்கட்டும், பகல் வெயிலில் வாவிக்கரை நீர்க்காகங்களை எடுக்கட்டும். நிக்கோன், கெனன் இரண்டுமே இப்போது கண்ணாடியில்லாத மிரர்லெஸ் வகைக்கு மாறிவிட்டதால் டி.எஸ்.எல்.ஆர். பழசாகிப்போன சாமான் என்று ஒரு மச்சி சிரித்தாள். அதனால்தானே நம் விலைக்கு வருகிறது! வாங்கும்போது லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கண்டி ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைச் சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியதை அலுமாரிக்குள் உடுப்போடு வைக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. மகள் வெளியே போகாமல் இருக்க ஸூம் ஒரு வழி என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, பின்னேர வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவள் நானும்தான். ஆனால் மாடியில் நின்று ஊரைப் பார்க்கிறவளுக்கு ஊரில் ஒருவரின் பெயரும் தெரியாது. மீன் விற்கிறவரை எடுக்க வேண்டுமானால் நான் அவரிடம் பேச வேண்டும். தனியே அனுப்பப் பயமென்றால் கூட வாருங்கள்.

இதைத்தான் உம்மாவிடமும் சொன்னேன். "அப்ப எங்க போய் எடுக்கப் போற?" என்றார். வாவிக்கரை, பேராதனைப் பூங்கா, மத்திய சந்தை என்று அடுக்கினேன். பதில் இல்லை. கெமரா வாங்கிய பிறகு வந்த ஞாயிறு, ஸுபஹ் தொழுதுவிட்டு நான் பையை மாட்டியபோது, உம்மா அபாயாவைப் போட்டுக்கொண்டு ஒரு ஃபிளாஸ்க் பிளேன்டீயோடு வாசலில் நின்றார். வாவிக்கரையில் கடலை வறுத்துக்கொண்டிருந்த ஒரு மனுசியிடம் எடுக்கலாமா என்று சிங்களத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உம்மாதான் கேட்டார்.