ஒரே வாட்டுக்கு இரண்டு கணக்கா?

ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம் என்றால் போதும், நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான்: "நோயாளிகளின் உயிரோடு விளையாடுகிறார்கள். சம்பளம் போதாவிட்டால் வீட்டுக்குப் போகட்டும்." ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த வசனம் பழக்கமானது. 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேல் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தியபோது எங்களுக்கும் இதையேதான் சொன்னீர்கள். (கோபமில்லை. பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சமாளித்தது நீங்கள்தானே!)

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பது, எந்நேரமும் தயாராக இருப்பது, போக்குவரத்து ஆகியவற்றுக்காகத் தரப்படும் பணம் அது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் வரிசையாக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை இங்கே வைத்துக்கொள்ள அரசாங்கம் ஏதாவது செய்யத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆனால் வைத்தியர் மட்டும் நின்று வாட்டு ஓடுமா? பெப்ரவரி 1ஆம் திகதி 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தங்களுக்கும் கொடுப்பனவு வேண்டுமென்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியர்கள் கடமையில்தான் இருந்தார்கள். அப்படியிருந்தும் வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை அனுப்ப வேண்டி வந்தது.

கண்டி தேசிய வைத்தியசாலையில் ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. இரத்தம் எடுப்பவர் தாதி, ட்ரொலி தள்ளுபவர் சிற்றூழியர், முடிவைத் தருபவர் ஆய்வுகூடத்தில் இருப்பவர், மருந்து தருபவர் மருந்தாளர். இவர்களில் ஒருவர் மனம் விட்டுப் போனாலும் அந்த ஒரு நிமிட வேலை அரை நாளாகிவிடும். யாரும் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். கடமைப் பட்டியலில் உள்ளதை மட்டும் செய்வார்கள், அவ்வளவுதான். விடியற்காலை கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ பஸ் ஏறி டியூட்டிக்கு வரும் தாதிக்குப் போக்குவரத்துச் செலவு இல்லையா?

பணத்தின் அளவை விட இந்தக் கேள்விதான் அதிகம் உறுத்தும். எங்களுக்கே தெரியும். சுபோதினி குழு சிபாரிசு செய்த சம்பள உயர்வில் மூன்றில் ஒரு பங்குதான் 2022 ஜனவரியில் கிடைத்தது. மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூனிலும் வீதிக்கு இறங்கினோம். பாடம் நடக்கிறதுதான். ஆனால் மணி அடித்த பிறகும் நின்று பிள்ளைகளைப் பார்க்கும் அந்த மனம் முன்னைப் போல் எல்லோரிடமும் இல்லை.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயரும் என்றார்கள். நல்ல விடயம். ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறையை மாற்றியதால் அந்த மார்ச்சிலேயே சுகாதார ஊழியர்கள் மறுபடியும் போராட்டத்தில் நின்றார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தால் யார்தான் உற்சாகமாக ஓவர்டைம் செய்வார்?

எங்கள் கருத்து இதுதான்: இரவுக் கடமைக்கும் தூரப் பயணத்துக்கும் கொடுப்பதாக இருந்தால், பதவியைப் பார்க்காமல் கடமையைப் பார்த்துக் கொடுக்கட்டும். தொகை ஒன்றாக இருக்கத் தேவையில்லை, கணக்கு ஒன்றாக இருக்கட்டும்.

அரசாங்கத்தின் கையில் உள்ளது அது. நமது ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வைத்தியசாலைகளுக்கு இயந்திரம், கட்டில் என்று வாங்கிக் கொடுக்கின்றன. அடுத்த தடவை பணம் சேர்க்கும்போது, இரவு டியூட்டிக்காரர்கள் ஒரு மணி நேரம் தலை சாய்க்க அறை இருக்கிறதா, குடிக்கச் சுடுதண்ணீர் இருக்கிறதா என்று அந்த வாட்டுத் தாதியிடமே முதலில் கேட்டுப் பாருங்களேன்.