தள்ளுவண்டிச் சட்டம் ரயில்வே எல்லை வரைதான்

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டபின் தங்கவயல் குடும்பங்களில் பாதிக்குச் சோறு போடுவது பெங்களூர் ரயில்தான் என்றால் மிகையாகாது. மாரிக்குப்பத்தில் விடியற்கால வண்டியைப் பிடிப்பவர்களுக்கு வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லை. இட்லி வண்டிக்காரர் அவர்களை நம்பியிருக்கிறார். அவர்கள் இட்லி வண்டியை நம்பியிருக்கிறார்கள். ராபர்ட்சன்பேட்டை, பங்காருப்பேட்டை நகரசபைகள் இந்த வண்டிகளை எங்கே நிற்க விடுகின்றன என்பது எனவே சில்லறை விஷயமல்ல.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் அமலில் உள்ளது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. அதன் பிறகும் 30 நாள் நோட்டீஸ் தேவை. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மாவு அன்றைக்குத்தானே மாவு! இதை அறியாமல் வண்டியோடு கண்ணீரையும் தள்ளிக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

இடத்துக்கும் கணக்கு உண்டு. மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் என்ற அளவுக்குள் வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது சட்டம். 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய தங்கவயலுக்கு இது 3,700-க்கு மேல் வரும். எந்தத் தெரு, எந்த நேரம் என்பதில் நகர விற்பனைக் குழுவின் யோசனை கேட்கப்பட வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கன்னட அறிவிப்பைப் படித்துச் சொல்ல ஆளில்லை என்று தமிழர்கள் இந்தத் தேர்தலைக் கோட்டை விட்டால், வண்டி நிற்கும் இடத்தை வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

சிக்கல் ஸ்டேஷன் வாசலில்தான். ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் ரயில்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நகரசபைச் சான்றிதழ் சட்டைப்பையில் இருந்தாலும் ரயில்வே எல்லைக்குள் உரிமமின்றி விற்பது 1989 ரயில்வே சட்டப்படி குற்றமே. கூட்டம் எங்கேயோ அங்கே பாதுகாப்பில்லை. பாதுகாப்பு எங்கேயோ அங்கே கூட்டமில்லை. எல்லைக்கு வெளியே, வாசலை ஒட்டிய சாலையிலேயே விற்பனை இடம் குறிக்க நகரசபைக்கு எந்தத் தடையும் இல்லை. விடியற்கால வண்டி முதல் காலை நெரிசல் அடங்கும்வரை சில மணி நேரம் விட்டால்கூடப் போதும். அதைக் குழுவில் கேட்டு வாங்க வேண்டியது வியாபாரிகளின் பிரதிநிதிகள்.

மோட்டார் வேனில் சமையலறை கட்டி விற்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை. வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிலும் ஏற்ற வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி.

சான்றிதழை வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் வியாபாரி இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ மனைவியோ, கணவரோ, சார்ந்திருக்கும் பிள்ளையோ காலம் முடியும்வரை அதே இடத்தில் தொடரலாம். அப்பா போன பிறகு வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் அதிகாரியிடம் காட்ட வேண்டியது ஐந்தாவது பிரிவு.