ஏட்டைப் புதுப்பித்தல்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. விரும்பித் தொடங்கிய செயலும் நாள் செல்லச் செல்லச் சுமையாகத் தோன்றுதல் மக்கள் இயல்பு. மாணவர் தம் கைப்பட எழுதி, படம் வரைந்து, நண்பரிடையே உலவவிடும் கையெழுத்து ஏடும் இதற்கு விலக்கன்று. முதல் இதழை எழுதும்போது இரவு கழிவது தெரிவதில்லை. ஐந்தாம் இதழில் எழுதுகோல் தயங்குகிறது. பத்தாம் இதழுக்குள் ஏடு பெட்டியில் உறங்கிவிடுகிறது.

உறங்கும் ஏட்டை என் செய்வது? அதனைக் கைவிட்டு வேறொன்று தொடங்கலாம் என்பர் சிலர். வேறொன்றும் சில திங்களில் பழையதாகிவிடும் அன்றோ? ஆதலின், கைவிடுதலினும் புதுப்பித்தலே நன்று என்பது என் கருத்து.

புதுப்பித்தல் இரு வகைப்படும். ஒன்று புறத்தைப் புதுப்பித்தல்; மற்றொன்று அகத்தைப் புதுப்பித்தல். புறத்தைப் புதுப்பித்தல் எளிது. அட்டைப் படத்தை மாற்றலாம். தலைப்புகளை வண்ண மையால் எழுதலாம். நெருக்கி எழுதிய பக்கத்தில் சிறிது வெற்றிடம் விடலாம். இவை கண்ணுக்கு இனிமை தரும். எழுதுவோனுக்கும் ஊக்கம் அளிக்கும். எனினும், சட்டையை மாற்றியதனால் மட்டும் ஆள் மாறிவிடுவதில்லை. உள்ளீடு புதுமை பெறாவிடின், புதிய அட்டையும் இரண்டு இதழில் பழையதாகிவிடும்.

தமிழ் இதழ்களின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1926ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஆனந்த விகடன்' விரைவிலேயே தளர்ச்சியுற்றது. 1928இல் எஸ். எஸ். வாசன் அதனை வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துகளுக்கும் எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாயாக, 200 ரூபாய் விலை தந்தார் என்பர். அவர் பெயரை மாற்றினாரில்லை. நகைச்சுவையைப் பெருக்கினார், போட்டிகளை அமைத்தார், கல்கியின் எழுத்துக்கும் மாலியின் கோட்டுச் சித்திரங்களுக்கும் இடம் தந்தார். மாத இதழாக இருந்தது நாளடைவில் வார இதழாக வளர்ந்தது. பெயர் பழையது, உயிர் புதியது.

"எம்மிடம் சுவையான பொருள் இல்லையே" என்று கூறுவாரும் உளர். அவர்கள் இராசாசியை நினைத்தல் வேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் அவர். திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் மாத இதழை நடத்தினார். கல்கி அவருக்குத் துணையாக இருந்தார். அவ்விதழ் பேசிய பொருள் மதுவிலக்கு ஒன்றே. ஒன்றையே பேசும் ஏடு சலிப்புத் தருவது இயல்பு. ஆயினும், கதைகளாலும் படங்களாலும் அப்பொருள் மக்கள் மனத்தைத் தொட்டது. வறண்ட பொருள் என்று ஒன்று இல்லை. வறண்ட பார்வையே உண்டு.

இனி, அகத்தைப் புதுப்பிக்கும் வழி யாது? பிற நூல்களிலிருந்து பெயர்த்தெழுதிய பொன்மொழிகளையும் துணுக்குகளையும் முதலில் நீக்குக. அவை எங்கும் கிடைப்பன. அவற்றை எழுத நீங்கள் வேண்டுவதில்லை. நீங்கள் எழுதினாலன்றி உலகிற்குத் தெரியவாராதவற்றை எழுதுக.

தளியில் வாழும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் ஊர் கன்னட நாட்டின் எல்லையை ஒட்டியது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அவன் செவியில் நாள்தோறும் விழுகின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்தில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, சவளகிரிப் பக்கம் வருகின்றன. உழவர் இரவெல்லாம் பரண்மீது விழித்திருந்து பயிரைக் காக்கின்றனர். பசுமைக்குடில்களில் வளரும் ரோசாப் பூக்கள் கடல் கடந்தும் செல்கின்றன. 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தபின், ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஆலைப் பணிக்குச் செல்லலாயினர். இத்துணைப் பொருளும் தன் வாயிலிலேயே இருக்க, அவன் நெடுந்தொலைவிலுள்ள கோபுரங்களின் உயரத்தைப் பெயர்த்தெழுதிக் கொண்டிருத்தல் தகுமோ?

பரண்மீது காவல் இருந்த முதியவரிடம் சென்று கேட்கலாம். யானையை விரட்ட அவர் எழுப்பும் ஓசை யாது, அஞ்சிய இரவு எது என்று வினவி எழுதலாம். மூன்று மொழிகளும் கலந்து ஒலிக்கும் சந்தைப் பேச்சைக் கேட்டபடியே குறிக்கலாம். இவை எழுதுவோனுக்கே வியப்பூட்டும். வியப்பு வந்தால் மகிழ்ச்சி தானே வரும். மகிழ்ச்சி வந்தால் ஏடு தானே வளரும்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. நிலம் மாறுகிறது, தொழில் மாறுகிறது, பரண்மீது அமர்ந்தோர் மறைகின்றனர். அவர்தம் வாய்மொழியைக் குறித்து வைப்பார் இல்லையேல், அது அவர்களோடு மறைந்துபோம். பெரிய இதழ்கள் அங்கு நாள்தோறும் வருவதில்லை. அவ்வூர் மாணவன் அங்கேயே இருக்கிறான்.

படிப்போர் பத்துப் பேரே எனினும் கவலற்க. பத்துப் பேருக்காக உண்மையாக எழுதிய ஏடு, ஒருவருக்கும் ஆகாமல் பெருக எழுதிய ஏட்டினும் சிறந்தது. மாணவர்களே! பெட்டியில் உறங்கும் ஏட்டை இன்றே எடுங்கள். அட்டையை நாளை மாற்றிக்கொள்ளலாம். முதலில் வாயிலைத் திறந்து வெளியே பாருங்கள்.