மாற்குவுக்கு ஒரு பர்னபா





தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் சில வீடுகளில் இனிப்பு, சில வீடுகளில் அழுகை. மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் மட்டுமல்ல, தொழிலில் நொடித்தவர்களும் ஊழியத்தில் சோர்ந்து திரும்பியவர்களும் நம் ஆலயங்களில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மாற்குவின் நினைவு வரும்.

மாற்கு ஜெபவீட்டுப் பிள்ளை. பேதுரு சிறையில் இருந்தபோது விசுவாசிகள் கூடி ஜெபித்தது அவன் தாய் மரியாளின் வீட்டில்தான். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் புறப்பட்டவன், சீப்புரு தீவைக் கடந்து பெர்கே பட்டணம் சேர்ந்ததும் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். காரணத்தை வேதம் சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் அவனைச் சேர்க்கப் பவுல் உறுதியாக மறுத்தார். அதனால் கோபம் மூண்டு, இரண்டு ஊழியர்களும் பிரிந்தார்கள். பவுல் சீலாவோடு போனார். பர்னபாவோ மாற்குவை அழைத்துக்கொண்டு மறுபடியும் சீப்புருவுக்கே கப்பல் ஏறினார்.

மற்றவர்கள் ஏற்க மறுத்தவருக்குத் துணை நிற்பது பர்னபாவுக்குப் புதிதல்ல. மனந்திரும்பிய பவுலை எருசலேம் சீஷர்கள் நம்பாமல் பயந்தபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று பரிந்து பேசியவரும் இவரே.

பின்னாளில், மாற்கு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கொலோசே சபைக்குப் பவுலே எழுதினார். மரணத்தை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது, மாற்குவைக் கூட்டி வரும்படி தீமோத்தேயுவைக் கேட்டார். ஊழியத்தில் அவர் தமக்குப் பயன்படுவார் என்றும் சொன்னார். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை எழுதியவர் இந்த மாற்குவே என்பது திருச்சபையின் தொன்றுதொட்ட நம்பிக்கை.

தோல்வி தானாக யாரையும் வளர்த்துவிடாது. விட்டுத் திரும்பிய அதே வழியில் மறுபடி நடக்க மாற்கு மனம் வைத்தார். கூட நடக்க ஒருவரைத் தேவன் ஆயத்தமாக வைத்திருந்தார். கிருபை பல நேரங்களில் பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதரின் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது.

தோற்று நிற்கும் தம்பி, தங்கையே, உன் பெயரை ஆண்டவர் அழித்துவிடவில்லை, எழுந்து வா. பெற்றோரே, போதகர்களே, இந்த வாரமே அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். கடிந்துகொள்ளப் பலர் இருக்கிறார்கள். நீங்கள் அவருக்குப் பர்னபாவாக இருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்