மாரிக்குப்பத்தின் மணமக்களுக்கு ஒரு சட்டம்

கோலார் தங்கவயலில் கடவுளை நம்பாதவர் ஊருக்கு அந்நியராக இருந்ததில்லை. வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்களில் பலர், சாதியின் பேரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். உள்ளே விடச் சொல்லிக் காத்திருக்காமல் தமக்கென ஒரு பொதுவாழ்வையே அவர்கள் கட்டிக்கொண்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை அமைந்தது. படைத்த கடவுளும் பிறவி உயர்வுதாழ்வும் இல்லாத அறமாகவே பௌத்தத்தை ஏற்றார்கள். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. 1926இல் பண்டிதர் முன்பு நடத்திய ‘தமிழன்’ இதழ் கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. சுயமரியாதை இயக்கத்துக்கும் தோள் கொடுத்தது.

நம்பாதவரைச் சேர்த்துக்கொள்வதென்றால் திருவிழாப் பந்தியில் அவருக்கும் ஓர் இலை போடுவது என்று நினைக்கிறோம். அந்த மனசு பெரியதுதான். ஆனால் தம் வீட்டுத் திருமணத்தை அவர் தம் கொள்கைப்படி, உற்றார் முன்னிலையில், சட்டத்தின் துணையோடு நடத்த முடிகிறதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

தமிழ்நாட்டில் முடிகிறது. சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த அத்தகைய திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும்.

இந்தப் பிரிவு தங்கவயல் இருக்கும் கர்நாடகத்துக்குப் பொருந்தாது. ஒரே பரம்பரை, ஒரே கொள்கை. எல்லைக்கோடு மட்டும் வேறு. சடங்கு வேண்டாத தங்கவயல் இணையருக்கு ஐயமற்ற வழி, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பெயர்களை அலுவலகத்தில் ஒட்டி ஆட்சேபம் கேட்பார்கள். சாதி கடந்து மணப்பவர்களுக்கு அந்த ஒரு மாதம் உயிர்ப்பயம்.

கன்னட மண்ணுக்கு இது அந்நியச் சிந்தனையும் அல்ல. புரோகிதரும் வரதட்சணையும் இல்லாத ‘மந்திர மாங்கல்ய’த் திருமணத்தை வகுத்தவர் மகாகவி குவெம்பு. திருமணச் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். 7-ஏ போன்ற ஒரு பிரிவு கர்நாடகத்துக்கும் வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கவயலிலிருந்து சட்டமன்றம் செல்பவர் முதலில் எழுப்ப வேண்டும்.